குவியலுக்குள் கையை விட்டுப் பார்ப்போம்: 'உடனடி நேரலை' என்னும் வாக்குறுதியும் நம் பொறுப்பும்



விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் இன்று நிக்காஹ் அழைப்பிதழ் அச்சிடுவோர் பலர், நாள், நேரம், மண்டபம் ஆகியவற்றுக்குக் கீழே இன்னொரு வரியையும் சேர்க்கின்றனர். நேரலையில் காண்பதற்கான இணைப்பு அது. ரியாத்திலோ துபாயிலோ சிங்கப்பூரிலோ பணிபுரியும் தந்தைக்கும் தமையனுக்கும் விடுப்புக் கிடைக்காதபோது அந்த இணைப்பே அவர்களை மண்டபத்துக்கு அழைத்து வருகிறது. வெள்ளி மேடைப் பயான், ரமளான் இரவுச் சொற்பொழிவு, மதரஸா ஆண்டு விழா, சில வேளைகளில் ஜனாஸாவும்கூட இவ்வாறே கடல் கடந்து செல்கின்றன. இந்தத் தேவையை நிறைவேற்றித் தருவதாகச் சொல்லி வருவோரும் பெருகிவிட்டனர். அவர்களுடைய துண்டறிக்கைகளிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் மூன்று சொற்கள் தவறாமல் இடம்பெறுகின்றன: உடனடி, உயர்தரம், தடையின்மை.

இவ்வாக்குறுதிகளை நாம் எவ்வாறு எடைபோடுவது? கேட்டவுடன் நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுப்பது ஒரு வழி. எல்லாமே ஏமாற்று வேலை என்று ஒதுக்கித் தள்ளுவது இன்னொரு வழி. இரண்டுக்கும் உழைப்புத் தேவையில்லை. சோதித்து அறிவது மூன்றாவது வழி. மார்க்கம் நமக்குக் காட்டுவது அதைத்தான். ஜமாஅத்தின் பொதுப்பணம் செலவாகும் இடத்தில் அச்சோதனை கடமையே ஆகும் என்பது நம் உறுதியான கருத்து.

இது ஒரு சிறிய செய்தி, இதற்கு மார்க்கத்தை ஏன் இழுக்க வேண்டும் என்று சிலர் கேட்கலாம். நேரலை என்பது திரும்ப வராத நிகழ்வைக் காட்டுவது. ஈஜாபும் கபூலும் சொல்லப்படும் அந்த ஒரு நிமிடத்தில் திரையில் வட்டம் சுழன்றுகொண்டிருந்தால், பின்னர்க் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் அந்த நிமிடம் திரும்பாது. தந்தையின் முகத்தைக் கடைசியாகக் காணக் காத்திருக்கும் மகனுக்கு மறுஒளிபரப்பால் பயனில்லை. பள்ளிவாசல் நிர்வாகம் செலவிடும் பணமோ, கூலி வேலை செய்பவரும் தெருவோரக் கடைக்காரரும் மாதந்தோறும் செலுத்தும் சந்தாவிலிருந்து வருவது. அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு கட்டளையிடும் வசனம் (4:58) இப்பணத்துக்கும் பொருந்தும்.

ஈரம் கண்ட விரல்கள்

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலைக் கடந்து சென்றபோது அதனுள் தம் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழை பட்டுவிட்டதாக வணிகர் காரணம் சொன்னார். அப்படியானால் மக்கள் காணும்படி அந்த ஈரத் தானியத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அவர்கள் எச்சரித்தார்கள் (முஸ்லிம்). இச்செய்தியை வணிகருக்கான அறிவுரையாக மட்டுமே நாம் கேட்டுப் பழகியிருக்கிறோம். நபியவர்கள் அக்குவியலை மேலோட்டமாகப் பார்த்துவிட்டுச் செல்லாமல், கையை உள்ளே விட்டுப் பார்த்தார்கள் என்பதும் அதே செய்தியில்தான் இருக்கிறது.

நம் பகுதி மக்களுக்கு இதை விளக்க வேண்டிய தேவையே இல்லை. எண்ணெய் வித்துகள் ஆராய்ச்சி நிலையம் அமைந்திருக்கும் ஊர் திண்டிவனம். மல்லாட்டை விளையும் மண் இது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கு மூட்டை வந்தால் எந்த வியாபாரியும் சாக்கின் மேற்புறத்தைப் பார்த்து விலை சொல்வதில்லை. அடியிலிருந்து ஒரு கைப்பிடி அள்ளிக் குலுக்கிப் பார்க்கிறார். ஓட்டை உடைத்துப் பருப்பைக் கடித்துப் பார்க்கிறார். காய்ந்த காய்க்கு ஓர் ஓசை உண்டு, ஈரக் காய்க்கு வேறோர் ஓசை. மல்லாட்டைக்கு இவ்வளவு கவனம் செலுத்தும் நாம், ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து வாங்கும் தொழில்நுட்பத்துக்கு வண்ணத் துண்டறிக்கையைக் கண்டு தலையசைப்பது எப்படிச் சரியாகும்?

சகோதரரைச் சந்தேகிப்பது பாவமல்லவா என்று இங்கே ஒரு கேள்வி எழும். ஊகங்களில் பெரும்பாலானவற்றைத் தவிர்க்கச் சொல்லும் வசனம் (49:12) நம் நினைவில் இருக்க வேண்டியதே. ஆனால் அதே அத்தியாயத்தில், அதற்குச் சில வசனங்களுக்கு முன்னரே, நம்பத்தகாதவர் கொண்டுவரும் செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்ளுமாறு கட்டளையும் வந்துள்ளது (49:6). கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் நீண்ட வசனம் (2:282) இறைநம்பிக்கையாளர்களை நோக்கியே பேசுகிறது. எழுதச் சொன்னதால் அவர்களை அது பொய்யர் என்று கருதவில்லை. தராசைக் கேட்பவர் வணிகரைத் திருடர் என்று சொல்வதில்லை. அதுபோலவே, காட்டிப் பிறகு விலை பேசுங்கள் என்று கேட்பது தீய எண்ணம் ஆகாது. சோதனையை மறுப்பவரே அந்த எண்ணத்துக்கு வழி திறக்கிறார்.

மூன்று சொற்களும் மூன்று அளவுகளும்

சோதனைக்கு முதற்படி, சொற்களின் பொருளைக் கேட்டறிவது. 'உயர்தரம்' என்றால் எவ்வளவு? ஒரு திரைப்படத்தை 1080பி தரத்தில் பார்க்க 5 எம்பிபிஎஸ் வேகமும், 4கே தரத்தில் பார்க்க 15 எம்பிபிஎஸ் வேகமும் வேண்டும் என்று நெட்ஃப்ளிக்ஸ் நிறுவனம் தன் பயனர்களுக்குச் சொல்கிறது. இந்தியாவில் 'பிராட்பேண்ட்' என்ற பெயரைப் பெறுவதற்கு ஓர் இணைப்பில் இருக்க வேண்டிய குறைந்த அளவு 2 எம்பிபிஎஸ் மட்டுமே. அதுவும் 2023இல்தான் அவ்வாறு உயர்த்தப்பட்டது. அதற்கு முன்பு 512 கேபிபிஎஸ் போதுமானதாக இருந்தது. எனவே பிராட்பேண்ட் என்ற சொல்லைக் கேட்டவுடன் உயர்தரக் காணொளி உறுதி என்று கொள்வதற்கு இடமில்லை.

இன்னொரு கணக்கையும் பார்ப்போம். நம் இளைஞர்கள் பலரிடம் இருப்பது நாளொன்றுக்கு 2 ஜிபி தரும் திட்டம். 5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஓடும் காணொளி ஒரு மணி நேரத்தில் ஏறத்தாழ 2.25 ஜிபியைத் தின்றுவிடும். ஆகவே ஒரு நாள் முழுவதற்குமான 2 ஜிபி 53 நிமிடங்களில் தீர்ந்துபோகும். ஒரு மணி நேர பயானை உயர்தரத்தில் முழுமையாகப் பார்க்க அது போதாது. விற்பவர் இதைச் சொல்வதில்லை என்றால், நாமே பெருக்கிப் பார்க்கலாம்.

ஒளிபரப்புபவருக்கு வேறொரு கணக்கும் உண்டு. விளம்பரங்களில் பெரிய எழுத்தில் வருவது பெரும்பாலும் பதிவிறக்க வேகம். மண்டபத்திலிருந்து படத்தை வெளியே அனுப்பத் தேவைப்படுவதோ பதிவேற்ற வேகம். கைபேசி இணைப்புகளில் இவ்விரண்டுக்கும் இடையே பெரும் வேறுபாடு இருக்கும். பதிவிறக்கம் 40 காட்டும் இடத்தில் பதிவேற்றம் 3 காட்டினால், அங்கிருந்து 1080பி நேரலை செல்லாது. வேகச் சோதனைச் செயலியில் இரண்டாவதாக வரும் எண்ணைப் பார்க்கும் பழக்கம் நமக்கு வர வேண்டும்.

'உடனடி' என்பதற்கு இரண்டு பொருள்கள் உண்டு. இணைப்பைத் தொட்டவுடன் படம் தொடங்குவது ஒன்று. மண்டபத்தில் நிகழ்வது அதே நொடியில் திரையில் தெரிவது மற்றொன்று. முதலாவது இன்று எளிது. இரண்டாவது அவ்வளவு எளிதன்று. விழுப்புரத்திலிருந்து ஜித்தா 4,000 கிலோமீட்டருக்கு மேல். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்வதால், அந்தத் தொலைவைக் கடக்க நொடியில் ஐம்பதில் ஒரு பங்கே போதும். தாமதம் பெரும்பாலும் வேறிடத்தில் நேர்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2009இல் அறிமுகப்படுத்திய எச்எல்எஸ் போன்ற முறைகளில் காணொளி சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஓரிரு துண்டுகள் கையிருப்பில் சேர்ந்த பிறகே ஓடத் தொடங்குகிறது. அதனால் சாதாரண நேரலை 20 அல்லது 30 நொடி பின்தங்கியே வரும். கிரிக்கெட் ஆட்டத்தைக் கைபேசியில் பார்க்கும்போது, தொலைக்காட்சி பார்க்கும் பக்கத்து வீட்டார் நமக்கு முன்பே ஆரவாரம் செய்வது இதனால்தான்.

நிக்காஹைப் பார்ப்பவருக்கு இந்த அரை நிமிடத் தாமதத்தால் குறையில்லை. ஆனால் வெளிநாட்டிலிருக்கும் வலீ அச்சபையில் பேச வேண்டியிருந்தால், அதன் மார்க்கச் சட்டத்தை முதலில் ஆலிம்களிடம் கேட்டுத் தெளிய வேண்டும். அவர்கள் அனுமதித்தாலும் ஒருவழி நேரலை அதற்கு உதவாது. வாட்ஸ்அப் அழைப்பு, ஜூம் போன்ற இருவழித் தொடர்பே வேண்டும். இவ்விரண்டும் வெவ்வேறு கருவிகள் என்பதைச் சொல்லாமல், எல்லாவற்றுக்கும் ஒரே சேவை போதும் என்று விற்பவர் தம் பொருளைத் தாமே அறியாதவர், அல்லது அறிந்தும் மறைப்பவர்.

'தடையின்மை' என்பதைப் பார்ப்போம். கையிருப்பு அதிகமாக இருந்தால் தடங்கல் குறையும், தாமதம் கூடும். தாமதத்தைச் சில நொடிகளுக்குக் குறைக்கும் புதிய முறைகள் உள்ளன. அவற்றில் கையிருப்பும் குறைவு என்பதால் இணைப்புச் சற்றே தளர்ந்தாலும் படம் நின்றுவிடும். நிற்காமல் ஓட வேண்டுமானால் மென்பொருள் தானாகவே படத்தின் தரத்தைக் குறைத்துக்கொள்ளும். திடீரென்று முகங்கள் மங்கிக் கட்டம் கட்டமாகத் தெரிவது அப்போதுதான். சிறந்த இணைப்பில் மூன்றும் ஓரளவு சேர்ந்து கிடைக்கும். தளர்ந்த இணைப்பில் ஒன்றைப் பெற மற்றொன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். 'எந்த இணைப்பிலும், எந்த நேரத்திலும், மூன்றும் முழுமையாக' என்று யாரேனும் சொன்னால், ஈரம் இருப்பது அந்த வாக்கியத்துக்கு உள்ளேதான்.

அதிசயம் என்று வந்தவை

இத்தகைய வாக்குறுதிகள் புதியவை அல்ல. 1999இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பிக்சலான் என்றொரு நிறுவனம், திரை முழுவதும் நிறையும் தொலைக்காட்சித் தரக் காணொளியை இணையத்தில் தரப்போவதாக அறிவித்தது. அன்று இணைய இணைப்புள்ள அந்நாட்டு வீடுகள் பெரும்பாலானவற்றில் இருந்தது 56 கேபிபிஎஸ் உச்ச வேகமுள்ள டயல்-அப் மோடம். டிவிடி தரத்துக்கு அன்று 4 எம்பிபிஎஸ் அளவுக்குத் தேவைப்பட்டது. இடைவெளி எழுபது மடங்கு. அந்த இடைவெளியை எப்படிக் கடப்பீர்கள் என்று முதலீட்டாளர்கள் அழுத்திக் கேட்கவில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 29 அன்று லாஸ் வேகாசில் புகழ்பெற்ற இசைக் குழுக்களை அழைத்து நடத்திய தொடக்க விழாவுக்கு அந்நிறுவனம் ஏறத்தாழ 1.6 கோடி டாலர் செலவிட்டது. விழாவின் இணைய ஒளிபரப்பே பலருக்குக் கிடைக்காமல் போனது. அடுத்த ஆண்டு ஏப்ரலில், மைக்கேல் ஃபென் என்ற பெயரில் உலவிய அதன் நிறுவனர் உண்மையில் டேவிட் ஸ்டான்லி என்பவர் என்பதும், வர்ஜீனியா மாநிலத்தில் மோசடிக்காகத் தண்டிக்கப்பட்டுத் தேடப்பட்டு வந்தவர் என்பதும் வெளிப்பட்டன.

அதே 1999இல் நெதர்லாந்தில் இன்னொரு நிகழ்வு. ஒரு முழுத் திரைப்படத்தையே 8 கிலோபைட்டுக்குள் அடக்கும் முறையைக் கண்டுபிடித்துவிட்டதாகத் தொலைக்காட்சி பழுதுபார்ப்பவரான யான் ஸ்லூட் கூறினார். பெரும் நிறுவனங்களின் முன்னாள் தலைவர்களும் அதை நம்பினார்கள். ஒப்பந்தம் கையெழுத்தாகும் தறுவாயில் அவர் இறந்துபோனார். நுட்பத்தின் மூலம் கிடைக்கவேயில்லை என்பதால் அது மறைந்துபோன அற்புதம் என்று இன்றும் பேசுவோர் உண்டு. கணக்கு வேறு சொல்கிறது. 8 கிலோபைட் என்பது 65,536 பிட். நொடிக்கு 25 படச்சட்டங்கள் வீதம் இரண்டு மணி நேரப் படத்தில் 1,80,000 படச்சட்டங்கள் உள்ளன. ஒரு படச்சட்டத்துக்கு 'ஆம்' அல்லது 'இல்லை' என்னும் ஒற்றை விடைகூட அந்த இடத்தில் அடங்காது. இதைக் காணப் பள்ளிக்கூடப் பெருக்கல் போதும்.

நமக்கு இன்னும் நெருக்கமான ஒரு நிகழ்வும் உண்டு. 2006இல் கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரி மாணவர் ஒருவர், வண்ண வடிவங்களை அச்சிட்டு ஒரு ஏ4 தாளில் 256 ஜிபி வரை சேமிக்கலாம் என்று கூறியதாகச் செய்தி வந்தது. வளைகுடா நாளேடு ஒன்றும் அதை வெளியிட்டது. நம் சமுதாயத்துப் பிள்ளை என்ற பெருமிதத்தில் பலர் அதை உலகெங்கும் அனுப்பி மகிழ்ந்தனர். அங்குலத்துக்கு 1,200 புள்ளிகள் என்ற நுட்பமான அச்சில் ஒரு ஏ4 தாளில் ஏறத்தாழ 14 கோடிப் புள்ளிகள் இடம்பெறும். ஒவ்வொரு புள்ளியும் 24 பிட் வண்ணத்தைப் பிழையின்றித் தாங்கும் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும் மொத்தம் 420 எம்பிதான் வரும். சொல்லப்பட்ட அளவோ அதைப்போல் 600 மடங்கு. அம்மாணவரைக் குறைகூறுவது நம் நோக்கமன்று. இளம் வயதில் ஆர்வம் மிகுவது இயல்பு. பெருக்கிப் பார்க்காமலேயே அச்செய்தியை ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்பிய பெரியவர்களைப் பற்றியே நாம் கவலைப்படுகிறோம். கேட்டதையெல்லாம் பிறருக்குச் சொல்வதே ஒருவர் பொய்யராவதற்குப் போதுமானது என்ற கருத்தில் நபிமொழி (முஸ்லிம்) இருக்கிறது. நம்மவர் என்ற பாசம் அந்த எச்சரிக்கையிலிருந்து நமக்கு விலக்குத் தருவதில்லை.

இஸ்லாமிய அறிவுமரபு ஹதீஸ்களைக் காத்த முறையை இங்கே நினைவுகூரலாம். சொன்னவர் யார், அவர் யாரிடமிருந்து கேட்டார், அவருடைய நினைவாற்றலும் நேர்மையும் எத்தகையன என்று தொடர் முழுவதையும் ஆராய்ந்தார்கள் நம் இமாம்கள். அந்த மரபின் வாரிசுகளாகிய நாம், 'ஃபார்வர்டு' செய்யப்பட்ட ஒரு தொழில்நுட்ப அதிசயத்தைப் பற்றி, இதை அளந்து பார்த்தவர் யார் என்ற ஒரு கேள்வியைக்கூடக் கேட்காமல் இருக்கலாமா?

மறுப்பிலும் நிதானம் வேண்டும்

இதற்கு நேரெதிரான பிழையும் உண்டு. அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்ற கட்டளை (17:36) நம்புவதற்கு மட்டுமன்றி மறுப்பதற்கும் பொருந்தும். 2005இல் யூடியூப் தொடங்கியபோது அதில் வந்தது 320க்கு 240 புள்ளி அளவுள்ள சிறு படம். நான்கே ஆண்டுகளில், 2009இல், அது 1080பி தரத்தைத் தந்தது. 2023 நவம்பர் 19 அன்று உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தை ஹாட்ஸ்டார் தளத்தில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்தனர். இருபது ஆண்டுகளுக்கு முன் இதைச் சொல்லியிருந்தால் நம்மில் பலர் சிரித்திருப்போம்.

அப்படியானால் மெய்யான முன்னேற்றத்தைப் பொய்யான அதிசயத்திலிருந்து எப்படிப் பிரித்தறிவது? மெய்யான முன்னேற்றத்துக்குத் தடம் இருக்கும். சுருக்கப்படாத 1080பி காணொளி, நொடிக்கு 25 படச்சட்டங்கள் வீதம், ஏறத்தாழ 1,240 எம்பிபிஎஸ் வேகத்தைக் கேட்கும். அது 5 எம்பிபிஎஸ் ஆகச் சுருங்கியது ஒரே இரவில் நிகழவில்லை. 1990களின் எம்பெக்-2, 2003இன் எச்.264, 2013இன் எச்இவிசி, 2020இன் விவிசி என்று தலைமுறை தலைமுறையாக வந்த தரமுறைகள் ஒவ்வொன்றும், அதே தரத்துக்குத் தேவையான அளவை ஏறத்தாழப் பாதியாக்குவதை இலக்காகக் கொண்டன. பல நாட்டு வல்லுநர்கள் ஏழெட்டு ஆண்டுகள் உழைத்துப் பெறுவது அந்தப் பாதி. இந்த ஓர் அளவுகோலை நினைவில் வைத்தால் போதும். தனியொருவர் திடீரென வந்து, என் பெட்டி பத்து மடங்கு சுருக்கும், நூறு மடங்கு சுருக்கும் என்றால், அதற்கு ஈடான சான்றை அவரிடம் கேட்க நமக்கு உரிமை உண்டு.

மெய்யானவற்றுக்கு எல்லையும் இருக்கும். நேர்மையானவர் அதை ஒப்புக்கொள்வார். 2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு தொடங்கியபோது, இணையப் பாதைகளில் நெரிசல் ஏற்படாதிருக்க, இந்தியாவின் பெரிய காணொளித் தளங்கள் கைபேசி இணைப்புகளில் உயர்தரத்தை நிறுத்தி 480பி அளவுக்குள் கட்டுப்படுத்திக்கொண்டன. உலகின் மிகப்பெரும் நிறுவனங்களே நம்மைப் போலப் பொதுப்பாதையைப் பகிர்ந்துகொள்பவைதான். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை கொட்டியதையும், நம் மாவட்டம் நீரிலும் இருளிலும் தவித்ததையும் மறந்திருக்க மாட்டோம். மின்சாரமும் கோபுரமும் கம்பியும் இல்லாத இடத்தில் எந்த மென்பொருளும் இயங்காது.

ஜமாஅத்துகள் செய்யத்தக்கவை

ஒப்பந்தம் செய்வதற்கு முன் நிர்வாகிகள் ஐந்து செயல்களை மேற்கொள்ளலாம். இதற்குப் பொறியியல் பட்டம் வேண்டியதில்லை.

முதலாவது, சோதனை நம் இடத்தில் நடக்க வேண்டும். விற்பவரின் அலுவலகத்தில், அவருடைய கணினியில், அவர் தேர்ந்தெடுத்த காணொளி அழகாக ஓடுவது எதையும் நிறுவாது. 1996இல் தமிழகத்தையே பேசவைத்த மூலிகை பெட்ரோலை நினைத்துப் பாருங்கள். செய்து காட்டியவரின் கையில் பொங்கிய அது, ஆய்வக நிபுணர்களின் சோதனையில் நிலைக்கவில்லை.

இரண்டாவது, உண்மையான நெரிசலில் சோதிக்க வேண்டும். வெறும் மண்டபத்தில் காலை பத்து மணிக்கு வரும் வேகம், ஐந்நூறு விருந்தினரின் கைபேசிகள் ஒரே கோபுரத்தை நாடும் நேரத்தில் வராது. ஜும்ஆ நாளில், கூட்டம் நிறைந்த வேளையில், முழு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, பார்ப்பவர் பக்கத்திலிருந்து சாட்சியம் பெற வேண்டும். வளைகுடாவில் ஒருவர், சென்னையில் ஒருவர், கிராமத்தில் ஒருவர் என மூவரைப் பார்க்கச் சொல்லி, எத்தனை முறை நின்றது, எத்தனை நொடி பின்தங்கியது என்று குறித்துத் தரச் சொல்லலாம். மேடையில் ஒரு கடிகாரத்தைக் காட்டினால் தாமதத்தை நொடிக் கணக்கில் அறிந்துவிடலாம்.

நான்காவது, எண்களை எழுத்தில் வாங்க வேண்டும். 'உயர்தரம்' என்று எழுதாமல் 1080பி என்றும், 'உடனடி' என்று எழுதாமல் இத்தனை நொடிக்குள் என்றும், மாற்று இணைப்பு உண்டா, நின்றுபோனால் கட்டணம் என்னாகும் என்றும் தெளிவாக எழுதப்பட வேண்டும்.

ஐந்தாவது, நேரலை எதுவாயினும் மண்டபத்திலேயே தனியாக ஒரு பதிவு எடுக்கப்பட வேண்டும். இணைப்பு அறுந்தாலும் நிகழ்வு காக்கப்படும்.

இவ்வளவுக்குப் பிறகும் ஏமாற்றப்பட்டால் பொறுமை என்ற பெயரில் வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் தவறாக வழிநடத்தும் விளம்பரங்களுக்குத் தண்டம் விதிக்க வகைசெய்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் உண்டு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். அநீதியைத் தட்டிக் கேட்பது அடுத்த ஊர் ஜமாஅத்தையும் காப்பதாகும்.

விற்கும் நம் இளைஞர்களுக்கு

இத்தொழிலில் நம் சமுதாய இளைஞர்கள் பலர் இறங்கியுள்ளனர், அது மகிழ்ச்சிக்குரியது. ஒரு நல்ல கேமராவும் நேர்மையான உழைப்பும் ஹலாலான வருவாய்க்குப் போதுமானவை. அவர்களிடம் நாம் வேண்டுவது ஒன்றே: ஈரத்தை மேலே வையுங்கள். 'இந்த மண்டபத்தில் பதிவேற்ற வேகம் குறைவு, 720பிதான் சரியாக வரும்' என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அதைக் கேட்டு ஒரு வாடிக்கையாளர் போகலாம். பத்துப் பேர் நம்பி வருவார்கள். வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசிக் குறையைத் தெளிவுபடுத்தினால் அவர்களுடைய வணிகத்தில் பரகத் உண்டாகும் என்றும், மறைத்துப் பொய் சொன்னால் அந்த பரகத் அழிக்கப்படும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவித்துள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்). அளவில் மோசடி செய்வோருக்குக் கேடு என்று தொடங்கும் அத்தியாயம் (83) படியையும் தராசையும் பற்றிப் பேசுகிறது. இன்று நம் படி எம்பிபிஎஸ். நம் தராசு நொடிக் கணக்கு. 1080பி என்று பணம் வாங்கி 480பி கொடுப்பதும் அளவில் குறைப்பதுதான்.

கடல் கடந்து உழைக்கும் நம் சகோதரர்கள் ஊரில் நடக்கும் நன்மை தீமைகளைக் காண ஏங்கித் திரையின் முன் அமர்கிறார்கள். அந்த ஏக்கத்தை வைத்து வெற்று வாக்குறுதிகளை விற்க நாம் இடங்கொடுக்கக் கூடாது. அதே ஏக்கத்தைத் தீர்க்கும் நல்ல கருவியை அறியாமையால் தடுக்கவும் கூடாது. இரண்டுக்கும் நடுவே அளந்து பார்க்கும் பழக்கம் நம் ஜமாஅத்துகளில் வேரூன்ற வேண்டும். அடுத்த நிர்வாகக் கூட்டத்திலேயே இதைப் பேசத் தொடங்கலாம்.

செய்தியைத் தெளிந்து ஏற்கும் அறிவையும், ஒப்படைக்கப்பட்ட பணத்தை உரிய முறையில் செலவிடும் பொறுப்பையும், கொடுக்கல் வாங்கலில் உண்மையையும் வல்ல இறைவன் நம் அனைவருக்கும் வழங்குவானாக! ஆமீன்.